மட்டக்களப்பு மூங்கில் நத்தார்க் கூடு: சட்டம் உறுதி, தாள் மாரிக்கு ஆகாது

நத்தாரை ஒட்டி மட்டக்களப்பு நகரில் விற்கும் கைக்கட்டு நட்சத்திர வெளிச்சக்கூடுகளில், 60 சென்ரிமீற்றர் சிலாகையில் (சீவிய மூங்கிற் கீற்றில்) கட்டிய நடுத்தரக் கூடுதான் வீட்டு வாசலுக்கு அளவானது. பிளாஸ்டிக் மடிப்பு நட்சத்திரத்தைவிட விலை கூட. வாங்குமுன் தாளின் நிறத்தைப் பார்க்காமல் மூங்கிற் சட்டத்தைப் பாருங்கள்.

கூட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு நட்சத்திர முகங்கள். ஒரு முகத்துக்கு 5 சிலாகை, இரண்டு முகத்துக்கும் 10. ஒவ்வொரு சிலாகையிலும் இரு நுனியிலிருந்தும் 23 சென்ரிமீற்றரில் குறுக்குக் கட்டு விழ வேண்டும். நடுவில் 14 மிஞ்சும். இந்தக் கணக்குப் பிசகினால் ஒரு கால் நீண்டு மற்றது குட்டையாகும். பிறகு இரு முகங்களின் நுனிகளையும் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் இரு முகங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர்க் குச்சியால் முட்டுக் கொடுப்பார்கள். முட்டு ஏறும்போது சிலாகை வளையும். அந்த இடத்தில் மூங்கிற் கணு வந்தால் வெடித்துவிடும். நல்ல கையென்றால் கணுவை விலக்கியே சீவியிருக்கும். பச்சை மூங்கில் காயக்காயச் சுருங்கிக் கட்டு இளகும், கூடும் முறுகும். கட்டுக்கம்பி போட்டதை விட்டுவிடுங்கள்: துரு தாளில் இறங்கும். நைலோன் நூல் போதும். பிலிப்பைன்ஸில் நத்தாருக்குக் கட்டும் பரோல் கூட்டுக்கும் இதே 10 சிலாகை, 5 முட்டுத்தான்.

தாள்தான் குறை. பட்டத்துக்குப் போடும் ரிசுத்தாளில் வெளிச்சம் மெதுவாகப் பரவும். பார்க்க அதுதான் அழகு. ஆனால் இங்கே டிசம்பர் மாரி மாதம். ஒரு சாரலுக்கே சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைத் தாளில் ஓடும். கண்ணாடித்தாள் மழைக்குத் தாங்கும், என்றாலும் குமிழ் அப்படியே தெரிந்து கண்ணைக் குத்தும். தாழ்வாரத்துக்கு உள்ளே தொங்கவிட முடிந்தால் ரிசுத்தாள், வெளி முற்றமென்றால் கண்ணாடித்தாள். பசையைத் தாளில் பூசாமல் சிலாகையில் மெல்லிதாகப் பூசியிருக்க வேண்டும். தடித்த கோதுமைமாப் பசையைக் கரப்பான் அரித்துத் தாளையும் சேர்த்துத் தின்னும். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) சேர்த்தால் அரிக்காது. ஆனால் மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கைபடாமல் பார்க்க வேண்டும்.

குமிழ் போடும் வாய் பல கூடுகளில் சிறிது. மேற்காலின் பக்க முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் விட்டிருந்தால் கை நுழையும். 5 வோற்று எல்.ஈ.டி. போதும், பழைய 40 வோற்றுக் குமிழின் சூட்டில் தாள் கருகும், தீயும் பிடிக்கலாம். கூட்டின் பாரத்தை வயரில் விடாமல், மேல் நுனியில் தனிக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வால்குஞ்சம் வாவிக் காற்றுக்கு ஓரிரு நாளில் சிக்காகிவிடும், இல்லாமலே வாங்கலாம்.

ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் தாளை நனைத்து உரித்து, சட்டத்தை நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த நத்தாருக்கும் உதவும். ஒட்டத் தெரிந்தவர்கள் தாள் ஒட்டாத வெறுஞ்சட்டத்தைக் கேட்டு வாங்குவதே இலாபம்.