உயிலுக்கு 1,450 பவுண்டு கொடுத்து ஏமாந்தோம்: இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அம்மாவின் உயிலை எழுதித் தர 1,450 பவுண்டு வாங்கிய நிறுவனம், அதில் எனக்கு எழுதப்பட்ட பங்கே செல்லாதபடி கையெழுத்து வாங்கியிருக்கிறது என்பது, வேறொரு வேலையாகச் சந்தித்த சொலிசிட்டர் (தகுதியும் உரிமமும் பெற்ற வழக்கறிஞர்) ஒருவர் தாள்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வீட்டுக்கே வந்து உயில் எழுதித் தரும், சொலிசிட்டர் அல்லாத நிறுவனங்களில் ஒன்று.

வந்தவர் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வந்து அமர்ந்து, அம்மாவுக்குப் புரியும்படி நிதானமாகப் பேசினார். உயில் எழுதுவோர் சங்கம் ஒன்றின் முத்திரை பதித்த கோப்பைத் திறந்து, தாங்கள் அதன் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், தவறு நேர்ந்தால் ஈடுகட்டக் காப்பீடும் உண்டு என்று அவர் காட்டிய பிறகுதான் அம்மா வங்கி அட்டையை எடுத்தார். கையெழுத்திட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தவர், தான் ஒரு சாட்சி, இன்னொருவர் இருந்தால் போதும் என்று சொல்லி, தேநீர் கொண்டுவந்த என் மனைவியையே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். வீடு எனக்கும் தங்கைக்கும் சரிபாதி என்று தட்டச்சு செய்தவரும் அவர்தான். 1837-ஆம் ஆண்டு உயில்கள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, சாட்சிக்கோ, சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாது. உயில் நிற்கும், என் பாதி மட்டும் போய்விடும். இந்தத் தொழிலின் அரிச்சுவடியே இதுதான்.

தொலைபேசியில் கேட்டால், அந்த ஆலோசகர் இப்போது எங்களிடம் இல்லை என்றார்கள். மின்னஞ்சலுக்கு, புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரே வரி. பிறகு, சாட்சிகளைத் தேர்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று கூசாமல் எழுதினார்கள். முத்திரைக்குரிய சங்கமோ, அந்த நிறுவனம் இப்போது உறுப்பினர் இல்லை, எனவே எதுவும் செய்ய இயலாது என்று கைகழுவியது. சட்டச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரும் ஒழுங்குமுறைக்கு உட்படாத நிறுவனத்தின் மீது புகார் ஏற்பதில்லை. 1,450 பவுண்டில் ஒரு பென்னி திரும்பவில்லை. புது உயிலுக்கு அம்மா மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயில் எழுத எந்த உரிமமும் தேவையில்லை. 2007-ஆம் ஆண்டு சட்டச் சேவைகள் சட்டம் தகுதி பெற்றவர்களுக்கென ஒதுக்கிய பணிகளில் உயில் எழுதுவது இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று, சட்டத் தொழிலைக் கண்காணிக்கும் சட்டச் சேவைகள் வாரியம் 2013-இல் பரிந்துரைத்தது. தொழில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அரசு அதே ஆண்டு மறுத்துவிட்டது. விரும்பினால் சேரலாம், கண்டித்தால் விலகலாம் என்றிருக்கும் சங்கத்தின் விதிகள் யாரைக் கட்டுப்படுத்தும்? ஒழுங்காக நடக்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள்தான். அவர்களிடம் நாங்கள் போய்ச் சேரவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. முத்திரையை நம்பாமல், உறுப்பினர் பெயர் இன்றும் இருக்கிறதா என்று சங்கத்திடமே கேளுங்கள். காப்பீட்டுச் சான்றை வாங்கித் தேதியைப் பாருங்கள். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும், குடும்பத்தார் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே எழுதிய உயில் வீட்டில் இருந்தால், கடைசிப் பக்கத்தில் சாட்சிகளாக யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.