ஆமை வாங்கப் போன கடை

பிறந்தநாளுக்கு ஓர் ஆமை வேண்டும் என்று மகள் கேட்டதால், திருகோணமலை நகரில் வளர்ப்பு மீன்களும் பறவைகளும் விற்கும் ஒரு கடைக்கு அவளைக் கடந்த மாதம் அழைத்துச் சென்றேன். தொட்டிகளில் நீர் தெளிவாக இருந்தது, மீன்கள் துடிப்பாக நீந்தின, விலையும் நியாயமானதே. பறவைக் கூடுகளை மட்டும் வீதிப் புழுதி படாமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் உரப்பையில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்து விலை கேட்டார். கரிய ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கீற்றுகள் கதிர்களாக விரிந்திருந்தன. கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. "தம்பி, இதை வாங்கினா எனக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு. எடுத்த பற்றைக்குள்ளயே கொண்டுபோய் விடுங்கோ" என்றார். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கும் உயிரினம் அது; 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டதால், நாடுகளுக்கிடையே அதை வணிகத்துக்காக விற்பதற்கும் இடமில்லை. வறண்ட பற்றைக்காட்டில் கண்டெடுத்த ஆமையை முற்றத்தில் வளர்ப்பது குற்றமென்று அறியாதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அந்த வருமானத்தை வேண்டாமென்ற கடைக்காரர் என் மதிப்புக்குரியவர்.

ஆனால் அதே கடையின் மேசையில், பத்து ரூபாய்க் குற்றியைவிடச் சற்றே பெரிய, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள வெளிநாட்டு ஆமைக் குஞ்சுகள் பிளாஸ்டிக் பெட்டியில் விற்பனைக்கு இருந்தன. நான் விசாரித்த பிறகே, சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்த ஒன்றைப் பின்புறத் தொட்டியில் காட்டினார். இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய இந்தச் சிவப்புக்காது ஆமையை ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதி செய்யத் தடை விதித்தது. சல்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் நிறுத்தியது. வளர்த்துச் சலித்தவர்கள் இதைக் கந்தளாய்க் குளத்தில் கொண்டுபோய் விட்டால், இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் நாட்டு நன்னீர் ஆமையான பாலாமையோடு அது போட்டியிடும்.

மகள் கடைசியில் நான்கு கப்பி மீன்களைத் தெரிந்தெடுத்தாள். "பிள்ளை, வளர்க்க ஏலாட்டித் திருப்பித் தாங்கோ, வாய்க்கால்ல விட்டுடாதீங்கோ" என்று சொல்லித்தான் அவர் பையைக் கட்டினார். ஆமைக் குஞ்சு வாங்குபவர்களிடமும், கேட்காமலே, இதை அவர் சொல்ல வேண்டும்.