இரண்டு கைச்சுடர்களும் ஒரு மின்விளக்கும்: கள்ளப்பாட்டுக் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

முல்லைத்தீவு, கள்ளப்பாட்டில் ஃபைபர் படகு வைத்து ஒருநாள் தொழில் செய்யும் எனக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தவறாமல் வந்து நிற்கும் செலவு ஒன்று உண்டு. படகில் வைக்கும் சிவப்பு ஆபத்துச் சுடர்களை, கரையில் எல்லோரும் ‘பிளேயர்’ என்று சொல்வதை, திகதி முடிந்ததும் மாற்றுவதே அது. ஒரு தடவைகூடக் கொளுத்தாத பொருளை எறிந்துவிட்டு அதே பொருளை மீண்டும் வாங்குவது, வலைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்த்துக் காசு செலவழிக்கும் ஒருவருக்கு எரிச்சலூட்டும் காரியம். ஆகவே இம்முறை புதிய கைச்சுடர்கள் இரண்டையும், கனடாவிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்து தந்த மின் ஆபத்து விளக்கு ஒன்றையும், திகதி முடிந்தும் எறியாமல் வைத்திருந்த பழைய சுடர்கள் இரண்டையும் ஒன்றாகப் படகில் வைத்து ஒரு பருவம் தொழில் செய்தேன். இந்த மதிப்பீடு அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது.

கைச்சுடர் என்பது ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட குழாய். மூடியைக் கழற்றி, இழையை இழுத்தாலோ அடியைத் தட்டினாலோ பற்றிக்கொள்ளும் வகைகள் உண்டு. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் கீழுள்ள விதிகளின்படி அது குறைந்தது 60 செக்கன்கள், 15,000 கண்டெலாவுக்கு (ஒளிச்செறிவின் அலகு) குறையாத ஒளியுடன் எரிய வேண்டும். எரியும்போது 10 செக்கன்கள் நீருக்குள் அமிழ்ந்தாலும் அணையக் கூடாது. அந்தச் சிவப்பு, ஸ்ட்ரொன்சியம் உப்பு எரிவதால் வருவது. உற்பத்தித் திகதியிலிருந்து பொதுவாக மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கே உற்பத்தியாளர் பொறுப்பேற்கிறார். உள்ளே இருக்கும் இரசாயனக் கலவை ஈரத்தை இழுத்துக்கொண்டால் பற்றாமல் போகலாம், பாதியில் அணையலாம், எதிர்பாராத விதமாகச் சீறலாம். வெளித்தோற்றத்தைப் பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இந்தப் பொருளின் பெரிய குறை. சோதித்துப் பார்ப்பதற்காகக் கடலில் ஒன்றைக் கொளுத்துவதும் முறையல்ல. ஆபத்து இல்லாதபோது ஆபத்துக் குறியைக் காட்டுவதை 1972 ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் தடுக்கின்றன.

எனக்குச் சோதனை தானாகவே வந்து சேர்ந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசிய ஆனி மாதத்தில், வலை வளைத்துவிட்டுத் திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுபோனது. வடகீழ்க் காற்று வீசும் வாடைக் காலத்தில் எஞ்சின் நின்றால் காற்றும் அலையும் கரைப்பக்கமே தள்ளும். சோளகத்தில் முல்லைத்தீவுப் படகு நேரே வங்காள விரிகுடாவுக்குள் போய்விடும். தொலைபேசி சிறிது நேரம் வேலை செய்ததால் கரைக்குச் சொல்ல முடிந்தது. அயலவரின் படகு ஒன்று எங்களைத் தேடிப் புறப்பட்டது. அதன் பிறகு தொலைபேசியும் அடங்கிவிட்டது. நாங்கள் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியாது. சுடர் எதற்காகப் படகில் இருக்கிறது என்பதை அந்த இடைவெளியில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் தற்செயலாகக் காண்பார் என்ற நம்பிக்கையில் ஆபத்தை அறிவிப்பதற்கு 60 செக்கன் வெளிச்சம் போதாது. தேடி வருபவருக்குக் கடைசி ஐந்தாறு கிலோமீற்றரில் வழிகாட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

முதலில் மின்விளக்கைப் போட்டோம். மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய வெள்ளைச் சிமிட்டல்களாக அது உதவி கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் வந்த படகின் வெளிச்சம் எங்களைக் கடந்து தெற்கே போவதைப் பார்த்ததும், காசு மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில், பழைய சுடர் ஒன்றை எடுத்து இழுத்தேன். பற்றவில்லை. இரண்டாவது பழைய சுடர் பற்றியது, ஆனால் புகைந்து புகைந்துதான் எரிந்தது. எத்தனை செக்கன் எரிந்தது என்று மணிக்கூடு பார்க்கும் மனநிலையில் நான் இருக்கவில்லை. புதியதைக் கொளுத்தியபோது கடலே சிவந்தது, படகு திரும்பியது. கரைக்கு வந்தபின், அந்தப் படகிலிருந்த தம்பியிடம் விளக்கு தெரியவில்லையா என்று கேட்டேன். “தெரிஞ்சது அண்ணை, லைற் போட்டு மீன் பிடிக்கிற போட் எண்டு நினைச்சிட்டம்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் இந்த மதிப்பீட்டின் பாதி. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பதற்கு எதிராக எங்கள் மாவட்டத்துக் கடற்றொழிலாளர்கள் எத்தனையோ முறை வீதியில் இறங்கியிருக்கிறார்கள். ஆனாலும் இரவுக் கடல் வெள்ளை விளக்குகளால் நிறைந்தே கிடக்கிறது. அலையில் ஏறி இறங்கும் படகில் எந்த வெள்ளை வெளிச்சமும் சிமிட்டுவது போலத்தான் தெரியும். அமெரிக்காவில் இவ்வகை மின்விளக்கை இரவுக்கும், செம்மஞ்சள் துணிக்கொடியைப் பகலுக்குமாகச் சேர்த்து வைத்திருந்தால், பொழுதுபோக்குப் படகுகளுக்குச் சுடர் தேவையில்லை என்று கரையோரக் காவல்படை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்குள்ள கடலுக்கு அது பொருந்தலாம். இங்கே சிவப்புச் சுவாலையை வேறொன்றாக நினைக்க ஒருவராலும் முடியாது. சிவப்பும் நீலப்பச்சையும் மாறி மாறிச் சிமிட்டும் புதிய வகை விளக்குகள் வந்திருக்கின்றன. நான் அவற்றைப் பயன்படுத்தியதில்லை. கையில் கிடைத்தால் இதே கரையில் வைத்துப் பார்க்க விருப்பம்.

விளக்கை முற்றாகக் குறை சொல்லவும் முடியாது. பல மணி நேரம் எரியும், கையைச் சுடாது, பற்றறி மாற்றினால் மீண்டும் புதியது. இழுத்துச் செல்லப்பட்டு வந்த வழி முழுவதும், எங்கள் படகு எங்கே இருக்கிறது என்று முன்னால் போனவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்த விளக்குத்தான். கைச்சுடரோ எரியும்போது நெருப்புத் துளிகளைச் சிந்தும். காற்று படகைவிட்டு வெளியே போகும் பக்க விளிம்பில், கையை வெளியே நீட்டிப் பிடிக்கத் தெரியாதவர், வலையும் மண்ணெண்ணெய்க் கானும் கிடக்கும் ஃபைபர் படகுக்குள் அதைக் கொளுத்தாமல் இருப்பதே நல்லது. வாளிக்குள் எண்ணெய்த் துணியை எரித்தாலும் ஆபத்துக் குறிதானே என்று சிலர் வாதிடுவார்கள். படகில் எழும் தீச்சுவாலை விதிகளின் பட்டியலில் இருப்பது உண்மை. அந்தப் பட்டியல் எங்கள் படகுகளின் அளவை நினைத்து எழுதப்பட்டதல்ல.

பரசூட் ரொக்கெட் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், இந்த அளவுப் படகுக்கு வேண்டாம் என்பதே. 300 மீற்றர் உயரத்துக்குப் போய், பரசூட்டில் தொங்கியபடி 40 செக்கன்கள் எரியும் அது, பெரிய கப்பல்களின் கட்டளை மேடையில் பன்னிரண்டு வைத்திருக்க வேண்டிய பொருள். பலநாள் கலங்களுக்கும் பொருந்தும். எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு, அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை. வானத்தில் தொங்கி மெல்ல இறங்கும் வெளிச்சத்தைப் போர்க்காலத்தில் ‘பரா லைற்’ என்று சொல்லிப் பதுங்குகுழிக்குள் ஓடிய ஊர் இது. என் தாயார் கரையில் நின்று அதைப் பார்க்க வேண்டாம்.

மாற்றுவதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் நான் மறுக்க முடியாதது ஒன்றுதான். புதியது வாங்கும்போதெல்லாம் பழையது ஒன்று மிஞ்சுகிறது. கடலில் எறியக் கூடாது, அடுப்பில் போடக் கூடாது. மண்ணில் புதைக்கலாம் என்றால், கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஆண்டுக்கணக்காக அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கிய மண்ணில், பிள்ளைகள் கிண்டி எடுக்கக்கூடிய இடத்தில், வெடிமருந்து கொண்ட குழாய் ஒன்றைப் புதைப்பதைவிடப் பொறுப்பற்ற செயல் இருக்க முடியாது. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே மூன்றாவதைக் காட்டினார்கள். சுடரை விற்ற கொழும்புக் கடையும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. பொருளுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கும் நான் கடையின் சேவைக்குக் கொடுக்க மாட்டேன். பெட்டியைப் பிரித்துத் திகதியைக் காட்டச் சொன்னபோதும் முகம் சுளித்தார்கள். பிரித்துப் பார்த்தால், ஆயுளில் ஓர் ஆண்டுக்கு மேல் அலுமாரியிலேயே கழிந்திருந்தது. வாங்குபவர்கள் தயங்காமல் திகதியைப் பார்த்து, கழிந்த காலத்துக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பற்றாமல் போன அந்தப் பழைய சுடரைக் குறை சொல்லும்போது என் பங்கையும் சொல்ல வேண்டும். மணலில் ஏற்றி வைத்த படகின் பெட்டிக்குள், வன்னி வெயிலில், உப்பு ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் கிடந்தது அது. திகதி என்பது ஒழுங்காக வைத்திருப்பவருக்கு எழுதப்பட்ட திகதி. இப்போது எஞ்சினைக் கரையிலுள்ள வாடிக் கொட்டிலுக்குத் தூக்கிச் செல்லும்போது, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் கானில் போட்ட சுடர்களும் கூடவே வருகின்றன. கொளுத்தியதற்குப் பதிலாக ஒன்று வாங்கி மீண்டும் இரண்டாக்கிவிட்டேன்; முந்தித் திகதி முடியும் சுடரின் மாதத்தையும் ஆண்டையும் எஞ்சின் மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதியிருக்கிறேன்.