வயர்லெஸ் ஊசியா, கைத் தெர்மாமீட்டரா?

முழுக் கோழியை மூடி போட்ட கரி கிரில்லில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயர்லெஸ் தெர்மாமீட்டர் வாங்கிய காசுக்கு வேலை செய்வது அப்போதுதான். ஊசியைக் குத்தி மூடிவிட்டால் உள்சூடு ஏறுவது போனிலேயே தெரியும். மூடியைத் திறந்து திறந்து அனலை வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் இரும்பு மூடி புளூடூத் சிக்னலைத் தடுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் தூரமெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துவிட்டது. வந்து பார்த்தால் 82 டிகிரி, நெஞ்சுக்கறி சக்கை! இன்னொன்று, ஊசியில் கோடு போட்டிருக்கும் இடம் வரை கறிக்குள் இறங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் அனலில் கெட்டுப்போகும். மெல்லிய சாப்ஸுக்கும் டிக்கா துண்டுக்கும் அது சரிவராது.

அங்கே கைத் தெர்மாமீட்டர்தான். நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று நொடியில் எண் வந்துவிடும். தொடை, நெஞ்சு என்று நாலு இடத்தில் குத்திப் பார்க்கலாம். எலும்பில் மட்டும் படக்கூடாது, பட்டால் கணக்கு தப்பும். கோழிக்கு எங்கே குத்தினாலும் 74 டிகிரி காட்ட வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கைத் தெர்மாமீட்டரைத்தான் சொல்வேன். வாங்கியதும் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி முனையை விடுங்கள். 0 டிகிரியை ஒட்டிக் காட்டாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.