கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் கருவி: செயற்கை நுண்ணறிவு வழி விழித்திரைப் பரிசோதனை

என் தாயாருக்குச் சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. அவர் மாதந்தோறும் சென்றுவரும் சிகிச்சை மையத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு விழித்திரையைப் பரிசோதிக்கும் வசதி அண்மையில் வந்தது. கட்டணம் 300 ரூபாய். கண் மருத்துவரே இல்லாத சிற்றூரில் இப்படியொரு வசதி கிடைப்பது பெரிய காரியம் என்று எண்ணித்தான் அவரை அழைத்துச் சென்றேன். அந்த எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆயினும் அன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பரிசோதனை எளிமையானது. விளக்கணைத்த சிறிய அறையில், மேசைமேல் இருந்த கருவியின் தாங்கியில் அம்மா முகவாயை வைத்துக்கொண்டார். "பச்சைப் புள்ளியையே பாருங்கம்மா, இமைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, இளம்பெண் ஒருவர் படம் எடுத்தார். பளிச்சென்று ஒளி வெட்டியது. சில நொடிகளில் அம்மாவின் வலது விழித்திரை திரையில் தெரிந்தது. செம்மஞ்சள் நிற வட்டம், அதன் ஓரத்தில் வெளிர்மஞ்சளாக நரம்பு முகப்பு (பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடம்), அங்கிருந்து அரச இலையின் நரம்புகளைப் போலக் கிளை பிரிந்து ஓடும் இரத்தக்குழாய்கள். அறுபத்தைந்து வயதில் தம் கண்ணின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்த அம்மா, வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை. இடது கண்ணுக்கு மூன்று முறை முயன்றும் படம் புகைமூட்டமாகவே வந்தது. பத்து நிமிடத்தில் கையில் அறிக்கை கிடைத்தது. "எல்லாம் நார்மல்தான், அடுத்த வருஷம் வாங்க" என்று முன்மேசையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை நிதானமாகப் படித்தேன். வலது கண்ணில் சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை என்றிருந்தது. இடது கண்ணைப் பற்றி, படத்தின் தரம் போதாமையால் மதிப்பிட இயலவில்லை என்று அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தெளிவாகப் படம் எடுக்க முடியாத கண்ணைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த நடைமுறை. கருவி தன்னால் முடியவில்லை என்று நேர்மையாகவே சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய மனிதர்தான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாவட்டத் தலைநகரில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தோம். இடது கண்ணில் புரை வளர்ந்திருந்தது. புகைமூட்டத்துக்குக் காரணம் அதுவே. நான் எதிர்பாராதது வலது கண்ணைப் பற்றி அவர் சொன்ன செய்தி. அதில் கண் நீர் அழுத்தம் கூடியிருந்தது, நரம்பு முகப்பின் குழிவும் அகன்றிருந்தது. பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் கிளாக்கோமா நோயின் தொடக்கம் என்றார். கருவி பிழை செய்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு உண்டா என்பது மட்டுமே அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு அது சரியாகவே விடை சொல்லியிருந்தது. அந்த ஒற்றை விடையைக் கண் முழுவதும் நலம் என்று பொருள்கொண்டவர்கள் நாங்கள்.

இத்தொழில்நுட்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. 54 மருத்துவர்கள் அப்படங்களைப் பார்த்துத் தரம் பிரித்திருந்தனர். மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அந்த ஆய்வுக்குப் படங்களைத் தந்த இந்திய மருத்துவமனைகளில் அடங்கும். 2018 ஏப்ரலில், மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் இத்தகைய கருவியொன்றுக்கு அமெரிக்க அரசு முதன்முறையாக அனுமதி தந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கொரு முறை இவர்கள் அனைவருடைய விழித்திரையையும் பார்க்கும் அளவுக்கு நம்மிடம் மருத்துவர்கள் இல்லை. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்போ பார்வை மங்கத் தொடங்கும்வரை வலியோ உறுத்தலோ காட்டாதது. ஆகவே இக்கருவிகள் ஊர்தோறும் வரத்தான் வேண்டும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் துல்லியம் வேறு, மின்விசிறி ஓடும் சிறிய அறையில் நடப்பது வேறு. தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களில் கூகுளின் கருவி நடைமுறைக்கு வந்தபோது, முதல் ஆறு மாதங்களில் செலுத்தப்பட்ட 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானவற்றை அது தரம் போதாதென்று ஏற்க மறுத்தது. அறையின் வெளிச்சம்கூட அதற்கு ஒரு காரணமாக இருந்தது. கருவி மறுக்கும் அத்தனை பேருக்கும் அடுத்த வழியைக் காட்ட அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

இன்னொரு கவலையும் எனக்குண்டு. விழித்திரைப் படத்திலிருந்து ஒருவரின் வயது, பால், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணினியால் கணிக்க முடியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அம்மாவுக்கு ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொன்ன அதே படம், வேறொருவர் கேட்டால் பல கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியது. நாளை ஒரு காப்பீட்டு நிறுவனம் கேட்டால் என்ன ஆகும்? படம் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் கையெழுத்தும் வாங்கவில்லை. மென்பொருள் யாருடையது என்பதும் தாளில் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் இயற்றிய நாட்டில் இது சிறிய குறையாகாது. வரும் இருபது முப்பது ஆண்டுகளில் கடன், வேலை, படிப்பு என எல்லாவற்றிலும் இத்தகைய ஒற்றை வரி முடிவுகள் நம் கைக்கு வரப்போகின்றன. அந்த முடிவு எந்தக் கேள்விக்கு உரியது, எதை அது பார்க்கவே இல்லை என்று மக்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவதை இப்போதே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பரிசோதனைக்குப் போகலாமா என்று கேட்டால், சர்க்கரை நோயாளிகள் தயங்காமல் போகலாம் என்பேன். 300 ரூபாய்க்குத் தகுந்த பயன் அதில் உண்டு. இரண்டு கண்களுக்கும் முடிவு வந்ததா என்று தாளில் பாருங்கள். கண் அழுத்தத்தையும் புரையையும் தனியே ஒரு மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டு முகவாயைத் தாங்கியில் வையுங்கள்.

அம்மா இப்போது இரவுதோறும் வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். இடது கண்ணின் புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறோம். அறிக்கையைத் தமிழில் தர வேண்டும் என்றும், அம்மாவின் படங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த மையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். விடை வந்ததும் இந்த மதிப்புரையோடு சேர்ப்பேன்.