மோனேயின் ஆற்றைக் 'கிளீன்' பண்ணிய கடை

ஹட்டன் டவுனில் பிரேம் அடிக்கும் கடையொன்றில் பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேயின் 'லா கிரெனுயேர்' ஓவியத்தைப் பிரின்ட் எடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம், கோபம் பாதிதான் ஆறியிருக்கிறது.

பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் ஆற்றங்கரையில் ஒரு குளிக்குமிடம், முன்னால் படகுகள், நடுவில் ஒற்றை மரத்தோடு ஒரு குட்டித் திட்டு. 1869இல் மோனேயும் அவருடைய ஓவிய நண்பர் ரெனுவாரும் ஒன்றாக அங்கே போய் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தார்கள். ரெனுவார் ஆட்களைப் பார்த்தார், மோனே தண்ணீரைப் பார்த்தார் என்பது என் கணக்கு. மோனேயுடைய படம் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அவர்களே பெரிய கோப்பாக இலவசமாகத் தருகிறார்கள், பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்க வந்த அன்று ஏதோ சரியில்லை என்று பட்டது. தண்ணீர் சவர்க்காரம் கரைத்த மாதிரி வழவழவென்று கிடந்தது. கேட்டதற்கு, "படம் சொரசொரப்பா இருந்துச்சு டீச்சர், கம்பியூட்டர்ல கிளீன் பண்ணிட்டேன்" என்றார் தம்பி, சந்தோஷமாக!

அந்தச் சொரசொரப்புதானே தண்ணீர். கருப்பச்சை, மண்நிறம், வெளிர்மஞ்சள் என்று படுக்கைவாட்டில் பட்டை பட்டையாக இழுத்து, ஒன்றோடொன்று குழைக்காமல் விட்டிருக்கிறார் மோனே. கிட்டே போனால் சுவரில் அப்பிய பெயின்ட். நாலடி பின்னால் வந்தால் அசைகிறது. எங்கள் வீடு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே. காலையில் எதிர்மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். பத்து மணிக்குக் காற்று வந்ததும் அதே மலை துண்டு துண்டாக வெட்டுப்படும். போனில் இருந்த அந்த மலையின் போட்டோவைத் தம்பிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

இரண்டாவது தடவை மினுக்கம் இல்லாத தாளில், கை வைக்காமல் அடித்துக் கொடுத்தார். தாளுக்கு மட்டும் 1,500 ரூபாய் எடுத்தார், அது நியாயம். கண்ணாடியை நானே வேண்டாமென்றேன். முதல் தடவை டியூப் லைட்டும் என் மூக்குக் கண்ணாடியும்தான் அதில் தெரிந்தன. வலது ஓரத்தில் மிதக்கும் சாப்பாட்டுக்கடையைச் சட்டம் அரை விரல் தின்றிருக்கிறது, அதைத் திருத்த மாட்டேன் என்று விட்டார்.

பின்பக்கம் வெறும் ஹார்ட்போர்ட். எங்கள் பக்கத்துப் பனிக்கும் மழைக்கும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சுவரில் ஒட்டாமல் கீழே இரண்டு தக்கை வைத்து மாட்டியிருக்கிறேன். போகிறவர்கள் பில்லிலேயே 'கிளீன் பண்ண வேண்டாம்' என்று எழுதி வாங்குங்கள்.