மின் கட்டண உயர்வை நகராட்சித் தீர்மானம் தடுக்குமா? நீலகிரியிலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

கட்டணம் ஏறும்போதெல்லாம் மலையில் மன்றக் கூட்டங்களில் ஒரே வாசகம்தான் ஒலிக்கும்: "மின் கட்டண உயர்வை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது." மேசையைத் தட்டுவார்கள், மினிட் புத்தகத்தில் ஏறும், நகல் சென்னைக்குப் போகும். அடுத்த பில்லில் ஒரு பைசா குறையாது. உறுப்பினர்களின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதம் தவறான கதவைத் தட்டுகிறது. கட்டண உயர்வையும் சேவைக் குறைவையும் எதிர்த்துப் பேச நமக்கென்று இருக்கும் வாசல்கள் எப்படி வேலை செய்கின்றன, நீலகிரியிலோ கொடைக்கானலிலோ உள்ள ஓர் உள்ளாட்சி அவற்றால் என்ன சாதிக்கலாம் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் கதவு எது என்று பார்ப்போம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்சாரச் சட்டம், 2003-இன் 64-ஆவது பிரிவுப்படி விநியோக நிறுவனம் மனு போட வேண்டும், அதைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும், வரும் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். மாநில அரசின் வேலை 65-ஆவது பிரிவில் இருக்கிறது: எந்த வகை நுகர்வோருக்குச் சலுகை வேண்டும் என்று அரசு நினைக்கிறதோ, அந்தத் தொகையை அரசே முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஆக, விகிதமும் அடுக்கும் ஆணையத்தின் கையில். மானியம் கோட்டையின், அதாவது மாநில அரசின், கையில். முதலமைச்சருக்கு எழுதும் கடிதத்தில் "விகிதத்தைக் குறையுங்கள்" என்றும், ஆணையத்துக்கு எழுதுவதில் "மானியம் தாருங்கள்" என்றும் கேட்டால் இரண்டும் வீண்.

கோட்டைக் கதவு திறந்ததற்கு அண்மைச் சான்று இரண்டு உண்டு. 2022 உயர்வில் எல்.டி. எனப்படும் தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு உச்ச நேரக் கட்டணமாக 25 சதவீதம் கூடுதலாக விதித்தார்கள். சிறு தொழில் சங்கங்கள் விடாமல் கேட்டதில் அது 15 சதவீதமாக இறங்கியது. அடுத்து, அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று இருந்ததை, 10 வீடுகளுக்கும் மூன்று தளங்களுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-இல் 5 ரூபாய் 50 காசாக்கினார்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பதால் இங்கே சிறிய குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வரும். உங்கள் பொது மீட்டர் இன்னும் பழைய விகிதத்தில் ஓடுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். இரண்டு இடத்திலும் கேட்டவர்கள் "உயர்வே கூடாது" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. இந்த வகைக்கு, இந்த விகிதம், இந்தக் காரணத்தால் என்று கேட்டார்கள்.

மலைக்கு அப்படிக் கேட்க வலுவான விஷயம் ஒன்று இருக்கிறது: குளிர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும். 2 கிலோவாட் கீசர் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அதே திறனுள்ள ஹீட்டர் மாலையில் மூன்று மணி நேரம் எரிந்தால் 360 யூனிட். விளக்கு, ஃபிரிட்ஜ், மிக்சிக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் 90. மொத்தம் 570. 2022 ஆணையின் விகிதத்தில் பில் 2,510 ரூபாய். ஹீட்டர் இல்லாத மாதங்களில் அதே வீடு 210 யூனிட்டுக்கு 270 ரூபாய்தான் கட்டியிருக்கும். யூனிட் மூன்று மடங்குகூட ஆகவில்லை, தொகை ஒன்பது மடங்கைத் தாண்டுகிறது.

இதற்குக் காரணம், இரண்டு மாத பில்லில் 500 யூனிட் என்ற கோடு. 2022 ஆணையின்படி அந்தக் கோட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டினால் 101-இலிருந்தே 4.50 விகிதம் வந்துவிடும், மேலே போகும் யூனிட்டுக்கு 8 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன் பிறகு விகிதங்கள் சற்று ஏறியிருக்கின்றன, கோடு அதே இடத்தில்தான் நிற்கிறது. மாநிலம் முழுக்க ஒரே அடுக்கு. உறைபனி விழும் மாதங்களுக்கு மலைப்பகுதியில் மட்டும் இந்த 500 யூனிட் வரம்பைத் தள்ளி வைக்கக் கேட்பது நியாயமான, கணக்கோடு நிறுவக்கூடிய கோரிக்கை.

அதை எங்கே, எப்போது கேட்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஆணை 2026-27 வரைக்குமான பல்லாண்டு ஆணை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ஆம் தேதி விலைவாசிக் குறியீட்டின் ஏற்றம் அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்கு உயர்த்தலாம் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் ஏறியது அந்தச் சூத்திரத்தின்படி. 2023-லும் 2025-லும் வீட்டு இணைப்புகளுக்கான ஏற்றத்தை அரசே மானியமாகச் சுமந்தது, 2024-இல் வீட்டுக்கும் வந்தது. ஆகவே ஜூலையில் நிறைவேற்றும் கண்டனத் தீர்மானத்தை ஆணையத்துக்கு அனுப்பிப் பயனில்லை. அந்த மாதத்தில் தட்ட வேண்டியது கோட்டைக் கதவை, மானியம் கேட்டு. ஆணையத்தின் கதவு முழுதாகத் திறப்பது அடுத்த பல்லாண்டு மனு வரும்போது.

பொது விசாரணை என்ற சேவைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்தில் இரண்டரை. சட்டம் நல்லது, யாரும் பேசலாம், வழக்கறிஞர் தேவையில்லை. குறை, தூரம். 2022-இல் ஆகஸ்ட் 16-இல் கோவை, 18-இல் மதுரை, 22-இல் சென்னை என்று மூன்றே ஊர். ஊட்டியிலிருந்து கோவை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கூடலூர்க்காரர் அதற்கு முன் இன்னும் 50 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும், அதுவும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆகஸ்டில். கொடைக்கானலில் இருப்பவர் மதுரைக்கு இறங்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி. உதகையிலும் ஓர் அமர்வு வேண்டும் என்று எல்லா உள்ளாட்சிகளும் சேர்ந்து, மனு வெளியாகும் முன்பே எழுதிக் கேட்கலாம். மாவட்டத்தில் நகராட்சிகள், ஊராட்சிகள், பேரூராட்சிகள் என்று பல உள்ளாட்சிகள். ஒரே வாசகத்தில் அத்தனை கடிதம் போனால் அதற்குக் கனம் தனி.

நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்து ஆட்சேபத்துக்கு அதே மதிப்பு உண்டு. அறிவிப்பில் உள்ள கடைசித் தேதி, எத்தனை பிரதி, உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமா என்பவற்றை அப்படியே பின்பற்ற வேண்டும். நகராட்சியின் ஆட்சேபம் பெரும்பாலும் தள்ளாடும் இடம், அதில் எண் இல்லாததுதான்.

இத்தனைக்கும் நகராட்சியே ஒரு பெரிய நுகர்வோர். தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. தாழ்வழுத்தத்தில் இவற்றுக்கென்று இரண்டு-ஏ என்று தனி வகையே உண்டு.  மலையில் தண்ணீரைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தள்ளியாக வேண்டும். ஊட்டிக்கு முதன்மையான ஆதாரம் பார்சன்ஸ் வேலி, அங்கிருந்து பம்ப் செய்துதான் நகரத்துக்கு நீர் வருகிறது. யூனிட் விலை ஏறினால் முதலில் அடி விழுவது நகராட்சியின் பொது நிதியில், அடுத்து நம் தண்ணீர் வரியில். எனவே தீர்மானத்தில் "மக்கள் பாதிக்கப்படுவர்" என்பதோடு நிற்காமல் நகராட்சியின் ஒவ்வொரு இணைப்பு எண், ஒப்பந்த மின்பளு, கட்டண வகை, கடந்த 24 மாத யூனிட், கட்டிய தொகை, புதிய விகிதத்தில் வரக்கூடிய தொகை எல்லாவற்றையும் அட்டவணையாக இணைக்க வேண்டும். கடைசி வரியில், ஆட்சேபத்தைத் தாக்கல் செய்யவும் விசாரணையில் பேசவும் நகராட்சி ஆணையருக்கு, பேரூராட்சியானால் செயல் அலுவலருக்கு, பெயர் சொல்லாமல் பதவியைச் சொல்லி அதிகாரம் தர வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் தீர்மானம் மினிட் புத்தகத்திலேயே தூங்கும்.

ஊராட்சிகளுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கூடும் சபையில் மேல்நிலைத் தொட்டி மோட்டாரின் மின் கணக்கை வாசிப்பது பொருத்தமாக இருக்கும். ஹட்டி (படுகர் ஊர்) மக்களுக்கு அந்த எண் தெரியவேண்டியதும்கூட.

ஆணை வந்த பிறகும் வழி இருக்கிறது. 45 நாளுக்குள் டில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆட்சேபத்தில் எழுதாத ஒன்றை அங்கே புதிதாக எழுப்புவது கடினம் என்பதால் முதல் காகிதத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டண விகிதம் தவிர்த்த மற்ற எல்லாக் குறைகளுக்கும் வாசல் வேறு: தவறான பில், ஓடாத மீட்டர், லோ வோல்டேஜ், தாமதமான இணைப்பு. வரிசை இப்படி: பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார், தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதிலும் தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். குறைதீர் மன்றத்தை விட்டு நேரே குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறைதீர் மன்றத்துக்கு ஐந்தில் மூன்று தரலாம். செலவு இல்லை, ஊட்டியிலேயே இருக்கிறது. ஆனால் வட்டத்தை நடத்தும் மேற்பார்வைப் பொறியாளரே மன்றத்துக்கும் தலைவர் என்பது அமைப்பிலேயே உள்ள குறை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அங்கே கொண்டுபோக வேண்டிய வழக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு, ரீடிங் தாமதம். அதே 2022 விகிதத்தில், நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். மழையாலோ ஆள் பற்றாக்குறையாலோ நான்கு நாள் தள்ளிப்போனால் 512 யூனிட், 2,046 ரூபாய். அடுத்த முறை 56 நாளுக்கு 448 யூனிட், 1,413 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால் அதே மின்சாரத்துக்கு 249 ரூபாய் அதிகம். மீட்டர் அட்டையில் தேதியைப் பார்த்து, 60 நாளைத் தாண்டியிருந்தால் நாள் விகிதத்தில் அடுக்கைப் பிரித்துத் திருத்தக் கேளுங்கள். தகராறு நடக்கும்போது இணைப்பைத் துண்டிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்: 56-ஆவது பிரிவுப்படி 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும், கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாத சராசரியையோ, எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் கட்டினால் துண்டிக்க முடியாது.

மின் தடைக்கு 94987 94987 என்ற மின்னகம் எண். 2021-இல் தொடங்கிய இது எங்கள் பார்வையில் இந்த மூன்று சேவைகளிலும் நல்லது, ஐந்தில் நான்கு. புகார் எண் தருகிறார்கள். அந்த எண்ணும் நேரமும்தான் பின்னால் இழப்பீடு கேட்கச் சான்று. லைன்மேனுக்குப் போன் செய்து விட்டுவிட்டால் வேலை நடக்கலாம், பதிவு இருக்காது. பதிவில்லாத தடை ஆணையத்தின் கண்ணில் நடக்காத தடை. மலையில் தடை நீள்வதற்குக் காரணங்கள் உண்மையானவை. கற்பூர மரமும் சீகை மரமும் கம்பிமேல் சாய்கின்றன, வனத்துக்குள் ஓடும் லைனில் கிளை வெட்டவே அனுமதி வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒரு நாளில் எந்த ஊழியராலும் போஸ்டில் ஏற முடியாது. களத்தில் நிற்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மழைக்கு முன், மே மாதத்துக்குள் கிளை வெட்டி முடிக்கும் அட்டவணையை வார்டு வாரியாகக் கேட்டு வாங்குவது நகராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. லோ வோல்டேஜுக்கு, 230-இலிருந்து 6 சதவீதம் கீழே, அதாவது 216 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும் நேரங்களை ஒரு வாரம் குறித்து வைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கேட்கும் மனு நிற்கும்.

தண்ணீர் வரி, சொத்து வரியில் கதை மாறும். அங்கே மன்றத் தீர்மானமே முதல் படி, எதிர்ப்புக்கு நேரடி எடை உண்டு. 2022-இல் சொத்து வரி வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியபோது மன்றங்கள் தயங்கியதற்கும் பிறகு ஒத்துக்கொண்டதற்கும் ஒரு காரணம், 15-ஆவது நிதிக்குழு மானியம் வரி விகிதத்தோடு கட்டப்பட்டிருந்ததுதான். மறுக்கும் மன்றம் எந்த மானியத்தை இழக்கும் என்ற கணக்கையும் அதே கூட்டத்தில் வைக்க வேண்டும்.

இத்தனை வாசலும் மூடியிருப்பவர்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கிறார்கள். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத நிலங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு நெடுங்காலமாக இணைப்பே கிடைக்கவில்லை. நுகர்வோர் எண் இல்லாதவருக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, குறைதீர் மன்றமும் இல்லை. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மலை இது. இந்தக் குடும்பங்களுக்காக உள்ளாட்சி பேச வேண்டும். அந்தத் தீர்மானம் வருவாய்த் துறைக்கும் வனத் துறைக்கும் போக வேண்டியது, மின் ஆணையத்துக்குப் போனால் திரும்பி வந்துவிடும். வார்டு வாரியாக வீட்டு எண், குடியிருக்கும் ஆண்டு, ரேஷன் கார்டு விவரம் கொண்ட பட்டியலை இணைத்து மாவட்ட ஆட்சியர் வழியாக அனுப்புங்கள்.